டவ் ஜோடி விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள கடைக்கார அண்ணன்மாருக்கு,

வணக்கம். போன ஆவணியில் உங்களைப் போன்ற ஒருவரிடம் வெள்ளை டவ் ஜோடி வாங்கினேன், கூண்டில் வளர்க்கும் சின்னப் புறா இனம். தினை, கம்பு, கேழ்வரகு எல்லாம் கலந்து ஒரு பொட்டலமும் கட்டிக் கொடுத்தார். நல்ல மனிதர். இரண்டு மாதத்தில் இரண்டு முட்டை. அடை உட்கார்ந்த 14-ஆம் நாள் ஒரு குஞ்சு, மறுநாள் இன்னொன்று. கண் திறக்காமல், மஞ்சள் பூனைமயிரோடு, கட்டைவிரல் அளவு.

முதல் நாள் பயப்படவில்லை. வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள்கரு அந்த ஒரு நாளைத் தாங்கும். மூத்த குஞ்சு பொரித்து இரண்டாம் நாள் சாயங்காலமும் அதன் தீனிப்பை, கழுத்துக்குக் கீழே இரை தங்கும் பை, தட்டையாகவே கிடந்தது. கடைக்குப் போன் போட்டேன். "தாய் தானா ஊட்டும்மா, கைவைக்காதீங்க" என்றார். கேட்டு நடந்தேன். விடியற்காலை பார்த்தபோது மூத்தது விறைத்துக் கிடந்தது.

அவர் சொன்னது பெரும்பாலும் சரியான பேச்சுதான். ஒரு வாரம் தாண்டிய குஞ்சைப் பகலில் தாய் தனியே விட்டுப் போவது சகஜம். அதைப் பார்த்துப் பதறி கூட்டிலிருந்து எடுத்தே கொன்றவர்கள் உண்டு. ஆனால் வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது, அதை யாரும் சொல்லித் தரவில்லை. குஞ்சின் கழுத்துக்குக் கீழே பாருங்கள். ஊட்டியிருந்தால் அங்கே சின்ன பலூன் மாதிரி உப்பியிருக்கும். பொரித்து ஒரு நாள் கடந்தும் அது காலியாக இருந்து, குஞ்சு தொட்டால் சில்லென்றும் இருந்தால் காத்திருக்கக் கூடாது.

புறா இனத்துக்கு இது உயிர்ப் பிரச்சினை, ஏனென்றால் இவை முதல் மூன்று நான்கு நாள் தானியமே கொடுக்காது. ஆணும் பெண்ணும் தீனிப்பையின் உட்சுவரிலிருந்து சுரக்கும் பாலைத்தான் கக்கி ஊட்டும். தயிர்க்கட்டி போலிருக்கும் அதில் புரதமும் கொழுப்பும் நோய் எதிர்ப்புப் பொருளும் உண்டு, மாட்டுப்பாலின் சர்க்கரை கிடையாது. அதனால்தான் பசும்பாலில் பிரெட் நனைத்துக் கொடுங்கள் என்று சொல்வதை நீங்கள் நிறுத்த வேண்டும். அந்த யோசனையை மூன்று கடைகளில் கேட்டுவிட்டேன்.

மிச்சமிருந்த குஞ்சை முதலில் உள்ளங்கையில் பொத்திச் சூடேற்றினேன். குளிர்ந்த குஞ்சுக்கு எதை ஊட்டினாலும் செரிக்காமல் பைக்குள்ளேயே புளித்துப் போகும். அப்புறம் இரண்டு தெரு தள்ளி டவ் வளர்க்கும் ஓர் அக்காவின் நினைவு வந்தது. அவர் வீட்டு ஜோடிக்கு மூன்று நாள் வயதில் ஒரே ஒரு குஞ்சு. இருட்டிய பிறகு என் குஞ்சை அந்தத் தாயின் வயிற்றடியில் நழுவவிட்டார். காலையில் போய்ப் பார்த்தால் தீனிப்பை நிறைந்து, தோல் வழியாக உள்ளே வெள்ளை தெரிந்தது. அக்கா வீட்டுக் கூண்டு முன்னாலேயே உட்கார்ந்து அழுதேன்.

வேறு ஜோடி கிடைக்காதவர்கள் கையால்தான் ஊட்ட வேண்டும். குஞ்சுகளுக்கென்று விற்கும் ஃபார்முலா மாவை முதல் நாட்களில் நீர்க்கக் கரைத்து, 39, 40 டிகிரி சூட்டில். கூண்டுப் பெட்டியிலும் 35 டிகிரிக்குக் குறையாத வெதுவெதுப்பு வேண்டும். காக்கைக் குஞ்சு போல இது வாயைப் பிளக்காது. தாயின் வாய்க்குள் தன் அலகை விட்டு உறிஞ்சித் தின்னும் பழக்கம். ஆகவே சிரிஞ்சின் முனையை அறுத்து, அறுத்த இடத்தில் மெல்லிய ரப்பரை இழுத்துக் கட்டி, அலகு நுழையும் அளவு ஓட்டை போட்டு, குஞ்சே அலகை உள்ளே விட்டுக் குடிக்கும்படி பிடிக்க வேண்டும். வாயைத் திறந்து ஊற்றினால் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். இரண்டு மூன்று மணிக்கொரு முறை, முந்தைய தீனி இறங்கிய பிறகே. சொல்லும்போதே தெரியும், வேலைக்குப் போகிறவரால் இது எவ்வளவு கஷ்டம் என்று.

என் ஜோடி ஏன் ஊட்டவில்லை? கால்நடை மருத்துவர் அலகைத் திறந்து காட்டினார். தொண்டையில் மஞ்சளாகப் பாலாடைக்கட்டி போலப் புண். வாங்கும்போதே இருந்ததா, என் வீட்டில் வந்ததா, தெரியாது. யார் மேலும் பழி போடவில்லை. விற்கும் முன் நீங்களும் ஒருமுறை வாயைத் திறந்து பாருங்கள். ஆறு மாதம்கூட நிரம்பாத இளசுகளை "முட்டை வைக்கிற ஜோடி" என்று கொடுக்காதீர்கள்.

இதையெல்லாம் விட முக்கியமாக ஒன்று கேட்கிறேன். இந்த ஊரில் யார் யார் வீட்டில் டவ் இருக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். எனக்கு அந்த அக்காவைத் தெரிந்திருந்தது தற்செயல். வாங்குபவர் சம்மதித்தால் அவர் எண்ணை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். குஞ்சு பொரித்தால் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். யாராவது பதறிக்கொண்டு போன் போடும்போது, அதே வயதுக் குஞ்சு, இரண்டு மூன்று நாள் முன்பின் ஆனாலும் சரி, எந்த வீட்டில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லலாம். நோயில்லாத ஜோடிதானா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிழைத்த குஞ்சு இப்போது அக்கா வீட்டிலேயே இருக்கிறது. திருப்பிக் கேட்க மனம் வரவில்லை. என் எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். அடுத்த வாரம் கடைக்கு வரும்போது தருகிறேன்.

இப்படிக்கு,
மொட்டை மாடியில் டவ் வளர்க்கும் ஒருத்தி