மெமரி கார்டில் போன பாடங்களுக்காக ஒரு நன்றி

சிறு வியாபாரம் செய்யும் அக்காமாருக்கு வரவு செலவு எழுதப் பழக்கும் எங்கள் ஒன்லைன் கணக்கு வகுப்பு நேற்று முடிந்தது. கடைசி அக்காவின் பேரேட்டுக் கொப்பிப் படமும் வட்ஸ்அப்பில் வந்து சேர்ந்துவிட்டது. வெள்ளமும் கரண்ட் இல்லாத கிழமைகளும் எப்படி இருந்தன என்று இதை வாசிக்கும் எல்லாருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுத மனமில்லை. வகுப்பு நின்றுபோகாமல் காத்தவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் கொமினிகேசன் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணனுக்கு. பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவர் எங்களிடம் படிப்பவர் இல்லை, என்னை முன்பின் அறிந்தவரும் இல்லை. சூமில் வகுப்பு எடுக்க வழியில்லாமல் போனபோது பாடங்களைக் குரல் பதிவாக அனுப்பத் தொடங்கியிருந்தேன். அதை இறக்கவும் பலருக்கு சிக்னல் இல்லை. தயிர் விற்கும் அக்கா ஒருவர் போனுக்கு சார்ஜ் போட அவர் கடைக்குப் போனபோது, பேச்சுவாக்கில் இதைச் சொல்லியிருக்கிறார். அன்று பின்னேரமே அண்ணன் மோட்டார் சைக்கிளில் சிக்னல் தேடி மண்முனைப் பாலத்தடிவரை போய், எல்லாப் பதிவுகளையும் இறக்கி வந்து, கேட்டு வந்தவர்களின் மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

தண்ணீர் வற்றிய பிறகு அந்தக் கடைக்குப் போய்ப் பார்த்தேன். கண்ணாடி அலுமாரிக்குள் வரிசையாகக் கிடந்த போன்களின் முதுகில் பிளாஸ்டர் ஒட்டி, ஆளின் பெயரும் ஊரும் பேனையால் எழுதியிருந்தார். பதிவுகளுக்குத் தானாக விழும் நீண்ட இலக்கங்களை அழித்துவிட்டு, 'கடன் கொப்பி', 'கைக்காசு', 'வீட்டுச் செலவு வேற, கடைச் செலவு வேற' என்று பெயர் வைத்திருந்தார். யாருக்கு எது வேண்டுமோ அதைத் தொட்டுக் கேட்கலாம்.

இதற்கிடையில் ஒருநாள் அழைப்பெடுத்தார். "டீச்சர், கடன் கொப்பிப் பாடத்தத்தான் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேக்காங்க. மறுகா, நெல்லாத் திருப்பித் தந்தா எப்படி எழுதுறண்டு தயிர்க்கார அக்கா கேக்கா."

யார் உள்ளே வந்தார், எத்தனை நிமிடம் இருந்தார் என்று ஒன்லைன் வகுப்பின் கணக்கில் பார்க்கலாம். எந்த இடத்தில் மனிதர்கள் தடுமாறி நிற்கிறார்கள் என்பதை அது சொல்லாது. அதை எனக்குச் சொன்னவர் அவர்தான். வளர்ந்தவர்கள் தங்கள் அனுபவத்தோடு படிக்க வருகிறார்கள், வாழ்க்கையில் இப்போது முட்டிநிற்கும் பிரச்சினைக்குத்தான் விடை தேடுகிறார்கள் என்று அமெரிக்கக் கல்வியாளர் மல்கம் நோல்ஸ் 1970களிலேயே எழுதியிருந்தார். பயிற்சிகளில் நானும் அதைச் சொல்லியிருக்கிறேன். நெல்லின் கேள்வி வந்தபோதுதான் அது உயிரோடு முன்னால் நின்றது. வெள்ளாமை வெட்டியதும் கடனுக்கு நெல் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். நெல் கைக்கு வந்த நாளின் விலையைப் போட்டு, அந்தப் பெறுமதியைக் கடனில் கழித்து, மிச்சத்தை அவர் பெயரிலேயே நிறுத்த வேண்டும். அப்புறம் அந்த நெல்லை விற்கும்போது வரும் லாப நட்டம் தனிக்கணக்கு. இதைப் பதிவாக்கி அனுப்பினேன். அதிகம் பேர் கேட்ட பாடம் அதுதான் என்று அண்ணன் சொன்னார்.

கார்டுகளைக் காகிதத்தில் சுற்றி ஊரூராகக் கொண்டுபோய்க் கொடுத்த பஸ் கொண்டக்டர் தம்பிமார், அம்மாவின் பக்கத்தில் இருந்து போனை இயக்கிக் கொடுத்த பிள்ளைகள், கேட்காமலே ரீலோட் போட்ட வெளிநாட்டுச் சொந்தங்கள், பயிற்சித் தாள்களை அச்செடுத்துத் தந்த ஏறாவூர் நானா, எல்லாருக்கும் என் மனமார்ந்த நன்றி.

இனி எங்கள் வகுப்பில் குரல் பதிவுதான் முதலில் போகும், ஒவ்வொன்றும் சின்னதாக. சூம் இலவசமாகத் தரும் 40 நிமிடமும் கேள்விகளுக்கு மட்டுமே. கமரா போடச் சொல்லி யாரையும் வற்புறுத்த மாட்டேன். அறுவடைக் காலத்தில் பரீட்சை வைக்க மாட்டேன். இது நான் தரும் வாக்கு.

அடுத்த பிரிவு பெரும்போக அறுவடை முடிந்ததும் தொடங்கும். பாடங்கள் முன்கூட்டியே அண்ணனின் கடையில் இருக்கும். இந்த முறை பதிவேற்றக் காசு வாங்கச் சொல்லியிருக்கிறேன், அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. அந்தப் பக்கம் இருப்பவர்கள் நீங்களும் கொஞ்சம் சொல்லிப் பாருங்கள்.