மண்பாண்டக் கலை ஆர்வலர் குழு: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சமூக மன்றத்தில் நடக்கும் தொடக்கநிலை வகுப்புகளில் முந்தைய ஆண்டிலிருந்து பெரிய மாற்றம் இல்லை. இவ்வாண்டு உறுப்பினர்களிடையே அதிகம் பேசப்பட்டதும், சிலருக்கு மனவருத்தம் தந்ததும் சூளையில் யார் பாண்டத்தை எங்கே அடுக்குவது என்ற கேள்விதான். ஆதலால் இவ்வறிக்கையின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்கியுள்ளேன்.

விறகுச் சூளைக்கு நம் சிங்கப்பூரில் இடம் கிடைப்பது எவ்வளவு அரிது என்பதைப் புதிய உறுப்பினர்கள் அறிந்திருக்க வேண்டும். ஜூரோங் வட்டாரத்து வெண்களிமண்ணை நம்பி ஒரு காலத்தில் இயங்கிய டிராகன் சூளைகளில் (சரிவில் நீளமாகச் செங்கல்லால் கட்டப்படும் விறகுச் சூளைகள்) இன்று எஞ்சியிருப்பவை இரண்டே: லோரோங் தாவாஸில் 1940ஆம் ஆண்டு கட்டப்பட்ட தௌ குவாங் சூளையும், அதற்கு அருகில் 1958ஆம் ஆண்டு கட்டப்பட்ட குவான் ஹுவாட் சூளையும். ரப்பர்த் தோட்டங்களுக்குப் பால் கிண்ணங்களைச் சுட்டுக் கொடுத்தவை இத்தகைய சூளைகள். அத்தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் நம்மவர்களின் பாட்டன் பாட்டிமாரும் இருந்தனர் என்பதால், அந்தச் செங்கல் சரிவின் அடியில் நிற்கும்போது நமக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்று தோன்றுவது இயல்பே.

அவ்வட்டாரத்திலேயே இடம் பெற்று இவ்வாண்டும் கூட்டுச் சூளை வைத்தோம். பருவமழையால் விறகில் ஈரம் இருந்தது. இரவு முறையில் இருந்த தொண்டூழியர்கள், வெப்பம் 1200 டிகிரி செல்சியஸை ஒட்டி அசையாமல் நின்றுவிட்டதைக் கண்டு விறகை மேலும் மேலும் திணித்தனர். புகைபோக்கியின் உச்சியில் கரும்புகையும் தீநாக்கும் எழுந்தனவே தவிர, மானி ஒரு டிகிரியும் ஏறவில்லை. அளவுக்கு மிஞ்சிய விறகு எரியப் போதிய காற்று கிடைக்காமல் புகைகிறது. அடியில் மலைபோல் சேரும் தணல், காற்று புகும் வழியையும் அடைத்துவிடுகிறது. மூத்த உறுப்பினர் ஒருவர் வந்து தணலைக் கிளறிப் பரப்பி, புகைவழித் தகட்டைச் சற்றுத் திறந்து, மெல்லிய விறகாக இடைவெளி விட்டுப் போடச் செய்த பிறகே வெப்பம் மீண்டும் ஏறத் தொடங்கியது. வருங்காலத்தில் ஒவ்வொரு முறையிலும் அனுபவமுள்ள ஒருவராவது இருக்குமாறு செயற்குழு பார்த்துக்கொள்ளும்.

சூளையைத் திறந்த நாளன்றுதான் பிணக்கு தொடங்கியது. மின்சூளையில் பாண்டம் வெப்பத்தை மட்டும் வாங்குகிறது. விறகுச் சூளையிலோ சாம்பலும் சுடரும் வாயுக்களும் அதன்மேல் வேலை செய்கின்றன. சாம்பலிலுள்ள கால்சியமும் பொட்டாசியமும் மண்ணிலுள்ள சிலிக்காவோடு சேர்ந்து, 1280 டிகிரியை நெருங்கும்போது உருகிக் கண்ணாடியாகின்றன. ஆகவே நெருப்பறைக்கு அருகில் இருப்பவை பச்சையும் பழுப்புமாகச் சாம்பல் வழிந்து வருகின்றன. பின்வரிசையில் இருப்பவை மெல்லிய செம்மையோடு அடக்கமாக வருகின்றன. முன்வரிசைக்கு எல்லாருமே ஆசைப்படுகிறார்கள், அங்கேதான் தட்டு சாய்வதும் பாண்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் அதிகம் என்பதை மறந்து.

இம்முறை புதிய உறுப்பினர் ஒருவரின் வெள்ளைக் கிண்ணம், பக்கத்தில் இருந்த, தாமிரம் கலந்த கிளேஸ் (சூட்டில் உருகிக் கண்ணாடியாகும் மேற்பூச்சு) பூசிய குடுவையைப் பார்த்த பக்கம் மட்டும் ரோஜா நிறம் ஏறி வெளிவந்தது. உயிர்வாயு குறைந்த சூழலில் தாமிரம் சிவப்பாக மாறுவதோடு, உயர்வெப்பத்தில் ஆவியாகி அண்டையிலுள்ள பாண்டத்திலும் படிந்துவிடும். கிண்ணத்துக்கு உரியவர் அதைக் கறை என்றார். அருகில் நின்ற மற்றொருவர் அதையே விலைக்குக் கேட்டார். இரண்டும் நியாயம்தான். ஆயினும் கேட்காமல் வந்த நிறத்தை ஏற்றுக்கொள்ளும்படி யாரையும் வற்புறுத்த இயலாது.

மூத்தவர்களுக்கு முன்வரிசை என்று சிலர் வாதிட்டனர். கட்டணத்துக்கு ஏற்ப இடம் என்று வேறு சிலர் கூறினர். இரண்டையும் செயற்குழு ஏற்கவில்லை. இடத்தைத் தீர்மானிக்க வேண்டியவை மண்ணும் கிளேஸும் பாண்டத்தின் வடிவமுமே என்பது எங்கள் கருத்து. உடையவர் தம் பாண்டத்தின் மண் வகையையும் கிளேஸையும், குறிப்பாகத் தாமிரம் உள்ளதா என்பதையும் முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். அடுக்கும் பொறுப்பாளர் சொல்லும் இடமே முடிவு. தட்டில் பாண்டம் ஒட்டாதிருக்க, எளிதில் உருகாத அலுமினாத் தூளும் காவோலின் என்னும் வெண்களிமண்ணும் பிசைந்து உருட்டி அடியில் வைக்கும் உருண்டைகளை அவரவரே ஒட்டிக் கொண்டுவர வேண்டும். சென்ற முறை நள்ளிரவு வரை இதைச் செய்தவர்கள் இருவர் மட்டுமே.

சூடேறிய சூளைக்குள் சோடாவைத் தெளித்து, அதன் ஆவியே பாண்டத்தின்மேல் கிளேஸாகப் படியச் செய்யும் சோடா சுடுதலை ஜொகூரில் உள்ள நண்பர் ஒருவரின் சிறு சூளையில் செய்து பார்த்தோம். சோடியம் ஆவி செங்கல்லையும் விட்டுவைக்காது. ஒருமுறை ஏறிவிட்டால் அச்சூளையில் பிறகு சுடும் எல்லாவற்றிலும் அது படியும் என்பதால், பழைய டிராகன் சூளைகளில் அதைக் கேட்பதே முறையன்று. உப்பைப் போட்டால் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி எழும் என்பதால் சோடாவையே தெளித்தோம். ஆழமான குடுவைகளுக்குள் ஆவி சரியாகப் புகாது. உட்புறத்துக்கு முன்பே கிளேஸ் பூசாதவர்களின் குடுவைகள் உள்ளே சொரசொரவென்று வெறும் மண்ணாகவே வந்தன.

ஆதிச்சநல்லூர், கீழடி ஆகிய இடங்களில் கிடைத்த கருப்பு-சிவப்புப் பாண்டங்கள் குறித்து ஓர் உரை நடைபெற்றது. கவிழ்த்து வைத்துச் சுட்டதால் காற்றுப்படாத உட்புறமும் விளிம்பும் கறுத்து, காற்றுப்பட்ட வெளிப்புறம் சிவந்தது என்பது பரவலாகக் கூறப்படும் விளக்கம். அதை நாமே சுட்டுப் பார்க்க வேண்டும் என்ற ஆவல் பலருக்கு உண்டு. புகைமூட்டக் காலத்தைத் தவிர்த்து நாள் குறிக்கலாம். உறுப்பினர் சிலர் சொந்தச் செலவில் புதுச்சேரிக்குச் சென்று, 1971ஆம் ஆண்டு ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்னும் மண்பாண்டப் பட்டறையைப் பார்த்து வந்தனர்.

விறகாகக் கொண்டுவரும் பழைய சரக்குப் பலகைகளில் பெயின்ட் பூசியவையும் பூச்சி அரிக்காதிருக்க மருந்து ஏற்றியவையும் ஏற்கப்பட மாட்டா. வளைந்துபோன சூளைத் தட்டுகளை மாற்றும் செலவுக்கும், மேற்கண்ட அடுக்கு விதிக்கும் இக்கூட்டத்தின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயற்குழுவின் சார்பில்,
செயலாளர்