எத்தனை பேர் என்று எழுது

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. நான்கு மாதத்துக்குப் பிறகு நான்கு வரி. அதில் மூன்றரை வரி காரைப் பற்றி. பரவாயில்லை, காரைப் பற்றியாவது அப்பாவிடம் கேட்கத் தோன்றியதே. அம்மா இரண்டு முறை வாங்கிப் படித்துவிட்டு, தாளின் மறுபக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள்.

மோரிஸ் மைனர் காரின் பின் ஆக்சிலில் 3.9 விகிதம் போடலாமா, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 3.9 சுற்று சுற்றும்படி மாற்றலாமா என்று கேட்கிறாய். போடலாம். இப்போது இருப்பது சக்கரப் பக்கம் 41 பல் கிரௌன் வீல், அதைச் சுற்றவைக்கும் ஷாஃப்ட் முனையில் 9 பல் பினியன், அதாவது 4.55. பன்னிரண்டு வயதில் பின் சக்கரங்கள் இரண்டையும் தூக்கி வைத்துச் சுற்றச் சொல்லி, ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணி இந்த விகிதத்தைச் சரியாகச் சொன்னவள் நீ. அதை இன்றும் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறேன். 3.9 போட்டால் அதே வேகத்தில் எஞ்சின் ஏழில் ஒரு பங்கு குறைவாகச் சுற்றும். மணிக்கு 80 கிலோமீட்டரில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,300 சுற்று இருப்பது 2,800-ஐ ஒட்டி இறங்கும். இரைச்சல் அடங்கும்.

ஆனால் இழுப்பும் அதே ஏழில் ஒரு பங்கு குறையும். இருப்பதே 948 சி.சி., 37 குதிரைத்திறன். இன்று டாப் கியரில் ஏறுகிற மேட்டுக்கு மூன்றாவது கியர் கேட்கும். எதிர்காற்றில் எஞ்சின் தன் முழு பலத்தைத் தரும் சுற்றை எட்டவே எட்டாது. 1962-இல் தொழிற்சாலையே 4.22-க்கு மாறியபோது எஞ்சினை 1098 சி.சி. ஆக்கினார்கள்; முன் பிரேக் டிரம்மையும் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாக்கினார்கள். நீ அந்த 7 அங்குல டிரம்மோடு 3.9-க்குப் போகப் பார்க்கிறாய். முதலில் பிரேக்கைப் பார்.

இன்னொன்று. ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து ஓடுகிறது. ஆக்சிலில் நீ செய்த மாற்றம் அதற்குத் தெரியாது. முள் 60 காட்டும்போது நீ 70-இல் போய்க்கொண்டிருப்பாய். 'இரவில் சாலை காலியாக இருக்கிறது' என்று ஓர் அரை வரி எழுதியிருக்கிறாயே, உனக்கு இரவில் ஓட்டப் பிடிக்காதே அம்மா? எதற்கும் பிரேக்கைப் பார்.

கிரௌன் வீலையும் பினியனையும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒன்றோடொன்று தேய்த்துப் பொருத்திய பற்கள் அவை. ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளையிடும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றும் சொல்லிவிடுகிறேன். நீ கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தபோது ஆக்சில் ஊளையிட ஆரம்பித்தது. நீ கிளட்சைத் தடாலென்று விடுவதால்தான் என்று சித்தப்பா முன்னாலும் பிள்ளைகள் முன்னாலும் சொன்னேன். சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டேன். அது உன்னால் வந்ததில்லை. அதற்கு முந்தைய மாதம் பல் உடைந்த கிரௌன் வீலை மட்டும் மாற்றிவிட்டு, பழைய பினியனையே விட்டுவைத்தவன் நான். செலவுக்குப் பயந்தேன். பிறகு கழற்றி, பல் எங்கே உரசுகிறது என்று காட்டும் நீலச் சாயம் தடவிப் பார்த்தபோது பற்கள் ஓரத்தில் மட்டும் உரசியிருந்தன. அன்றே தெரிந்துவிட்டது. சாவியைத் திருப்பிக் கொடுத்தேனே தவிர, ஏன் என்று சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை, 'இனிமேல் பார்த்து ஓட்டுகிறேன் அப்பா' என்றாய். அதன் பிறகு எது பழுதானாலும் உன்மேலேயே பழியைப் போட்டுக்கொள்கிறாய். அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். எல்லாம் உன்னால் பழுதாவதில்லை, அம்மா.

விகிதத்துக்கு வருகிறேன். நீ ஒருத்தி மட்டும் சமவெளியில் போவதென்றால் 3.9 இழுத்துவிடும். இரண்டு பேர், பெட்டிகள் என்றால் 4.22 போதும், 38 பல்லுக்கு 9 பல். ஆகவே காரில் வழக்கமாக எத்தனை பேர் போகிறீர்கள் என்று எழுது. ஒரே ஆள் என்றாலும் எழுது. பெட்டி எத்தனை என்றும் எழுது. பாரம் தெரியாமல் என்னால் கணக்குப் போட முடியாது.

பதில் வரும்வரை ஆக்சிலில் கை வைக்காதே. பிரேக்கை மட்டும் பார்.

அன்புடன்,
அப்பா