எங்களுக்காக நீ ஜெயிக்க வேண்டாம்

அன்பு மகளுக்கு,

"உங்கள் இரண்டு பேருக்காகவாவது ஜெயித்திருக்க வேண்டும் அம்மா" என்று நேற்றிரவு போனில் சொல்லி அழுதாய். மல்யுத்தத்தில் நீ தோற்றது எனக்குப் பெரிதில்லை கண்ணு. இப்படி ஒரு சுமையைத் தூக்கிக்கொண்டு களத்தில் இறங்கியிருக்கிறாய் என்பதுதான் மனதை அறுக்கிறது.

அயோவா மாநிலத்தில் இந்த நம் வாட்டர்லூவில் மல்யுத்த வீரர் டான் கேபிளைத் தெரியாத வீடு கிடையாது. அவர் பெயரில் உள்ள மல்யுத்த அருங்காட்சியகத்துக்குச் சின்ன வயதில் உன்னையும் கூட்டிப்போயிருக்கிறோம். இங்கே பள்ளியில் அவர் ஆடியது 64 ஆட்டம், ஒன்றிலும் தோல்வியில்லை. பிறகு அயோவா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 117 வெற்றி. 1968, 1969 இரண்டு ஆண்டும் தேசியப் பட்டம். மாணவராக அவர் ஆடவேண்டியிருந்தது இன்னும் ஒரே ஒரு ஆட்டம்தான்: 1970 மார்ச்சில் இவான்ஸ்டனில் நடந்த இறுதிப் போட்டி.

எதிரே வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லாரி ஓவிங்ஸ், இரண்டாம் ஆண்டு மாணவர். 1968 ஒலிம்பிக் தேர்வுப் போட்டியில் கேபிளிடம் தோற்றவர். அவரை மறுபடி சந்திப்பதற்காகவே உடம்பை வற்றவைத்து 142 பவுண்டு எடைப் பிரிவுக்கு இறங்கி வந்திருந்தார். ஆரம்பத்தில் பின்தங்கிய கேபிள், கடைசிச் சுற்றில் 10-9 என்று முந்திவிட்டார். முடிய அரை நிமிடம்கூட இல்லாத நேரத்தில் ஓவிங்ஸ் அவரைக் கீழே வீழ்த்தி, முதுகைத் தரைக்குத் திருப்பிப் புள்ளிகள் எடுத்தார். முடிவு 13-11.

அதன் பிறகு நடந்ததை உன் பயிற்சியாளர்கள் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார்கள். 1971இல் சோபியாவில் உலகப் பட்டம். அடுத்த ஆண்டு ஒலிம்பிக் தேர்வில் அதே ஓவிங்ஸை 7-1 என வென்றார். மியூனிக் ஒலிம்பிக்கில் பழுதான முழங்காலோடும் தலையில் தையலோடும் ஆறு பேருடன் மோதி, யாருக்கும் ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் தங்கம். அயோவா பல்கலைக்கழகப் பயிற்சியாளராக 15 தேசியப் பட்டங்கள். அந்த ஒரு தோல்விதான் அவரை உருவாக்கியது என்று ஊரே சொல்கிறது. ஆனால் எனக்கு அவர் வளர்ந்த வீடுதான் நினைவுக்கு வருகிறது.

1964 மே மாதம் கேபிளின் அப்பாவும் அம்மாவும் அவரை அழைத்துக்கொண்டு மீன் பிடிக்கப் போயிருந்தார்கள். அப்போது அவருடைய அக்கா டயான் இந்த ஊரில், அவர்கள் வீட்டிலேயே கொலைசெய்யப்பட்டார். வயது 19. அந்த வீட்டில் இனி எப்படி இருப்பது என்று பெற்றவர்கள் தவித்தார்கள். கேபிளுக்கு அப்போது 15 வயது. அக்காவின் அறையில் நான் இருந்துகொள்கிறேன் என்று சொல்லி அங்கே போய்ப் படுத்துக்கொண்டார். உடைந்துபோன அம்மாவும் அப்பாவும் தலை நிமிர்ந்து பார்க்க ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. அதை மல்யுத்தத்தில் தேடிக்கொடுத்தார் அந்தப் பையன். பெற்றவளாக இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். அந்த வயதில் எவ்வளவு பெரிய பாரம்!

நம் வீட்டில் அப்படி நிரப்பவேண்டிய பள்ளம் எதுவும் இல்லை. நீ மட்டும்தான் எங்களுக்குப் பெண் பிள்ளை, ஆனால் உன் பதக்கத்தைக் கொண்டு அடைக்கவேண்டிய கடன் எதுவும் நாங்கள் வைத்திருக்கவில்லை. உன் அப்பா தெரிந்தவர்களிடமெல்லாம் உன்னைப் பற்றிப் பேசுவது உண்மைதான். நீ ஆடுவதைப் பார்ப்பது அவருக்கு அவ்வளவு பிடிக்கும். தோற்ற ஆட்டங்களைப் பற்றியும் அதே உற்சாகத்தோடுதான் பேசுகிறார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கேபிளை வீழ்த்திய ஓவிங்ஸ் அடுத்த இரண்டு ஆண்டும் தேசிய இறுதிக்கு வந்து, இரண்டிலும் இரண்டாம் இடம்தான் பெற்றார். அவரைப் பற்றி இங்கே யாரும் அதிகம் பேசுவதில்லை. எனக்கு அவர்மேல் தனி மரியாதை உண்டு. தன்னைத் தோற்கடித்தவரைத் தேடிப்போய் மோதியவர் அவர்.

அடுத்த பருவம் ஆடுவதா வேண்டாமா என்று இப்போதே முடிவு செய்யாதே. முதலில் அந்தத் தோளை டாக்டரிடம் காட்டு. எடைக்காக இனிப் பட்டினி கிடக்காதே. ஆடத்தான் ஆசை என்றால் ஆடு, நாங்கள் வந்து பார்க்கிறோம். போதும் என்று தோன்றினால் படிப்பை முடித்துவிட்டு வா. எதுவானாலும் உன் அப்பாவிடம் நீயே சொல். உன் போனுக்காகக் காத்திருக்கிறார்.

அன்புடன்,
அம்மா