செயலாளரின் ஆண்டறிக்கை: 2024 ஏப்ரல் – 2025 மார்ச்

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, திருகோணமலை மாவட்டத்தின் மூதூர், சேருவில, ஈச்சிலம்பற்றுப் பகுதிகளிலிருந்து வந்திருக்கும் அங்கத்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும், ஆயுபோவன்.

ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுக்கும் தமிழ், முஸ்லிம், சிங்கள ஊர்கள் சேர்ந்த எமது சங்கத்தின் நிர்வாக சபை மாதந்தோறும் கூடியது. கூட்டக் குறிப்புகள் தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்டுள்ளன. ஆகஸ்ட் 4 அன்று, 2006இல் மூதூரில் சுட்டுக்கொல்லப்பட்ட ஏ.சி.எப். என்ற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் பணியாளர்கள் 17 பேருக்காகவும் விளக்கேற்றினோம். சுனாமியால் பாதிக்கப்பட்டவர்களுக்கு உதவ வந்த பிள்ளைகள் அவர்கள். அந்தக் கொலைகளுக்காக இன்றுவரை ஒருவரும் தண்டிக்கப்படவில்லை என்பதை இந்த அறிக்கையிலும் பதிவு செய்கிறேன்.

இந்த வருடத்தில் நாம் செய்த பெரிய வேலை வாய்க்கால் துப்புரவு. 2024 ஏப்ரலில் நோன்புப் பெருநாளும் புத்தாண்டும் அடுத்தடுத்து வந்தன. இரண்டும் முடிந்த கையோடு, சிறுபோக நெற்செய்கைக்குத் தண்ணீர் திறக்குமுன் இரண்டு சனிக்கிழமைகள் சிரமதானம் வைத்தோம். ஆற்றுவாழைச் செடி அடைத்துக் கிடந்ததால் கடைமடைக் காணிகளுக்குத் தண்ணீர் எட்டுவதில்லை என்ற முறைப்பாடு மூன்று ஊர்களிலிருந்தும் வந்திருந்தது. பகல் சாப்பாட்டை மரக்கறியோடு நிறுத்திக்கொள்வோம் என்று மூதூர்ச் சகோதரிகளே சொன்னார்கள்; அதனால் ஒரே கிடாரத்தில் சமைத்து எல்லோரும் சாப்பிட முடிந்தது. சேருவிலப் பக்கச் சிங்களக் கிராமமான தெஹிவத்தையிலிருந்து ஒரு பெட்டி கொக்கிஸ் பலகாரம் வந்தது.

இரண்டாவது சனிக்கிழமை மதகடியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இடுப்பளவுத் தண்ணீரில் வேரை இழுத்துக்கொண்டிருந்த தெஹிவத்தை ஐயா ஒருவர், எமது வாய்க்கால்களுக்குத் தண்ணீர் விடும் மாவிலாற்று அணைக்கதவு 2006 யூலையில் போரில் மூடப்பட்டபோது தன் வயல் வெடித்துக் கிடந்ததைச் சொன்னார். கரையில் நின்ற ஈச்சிலம்பற்று அக்கா, “அந்த மாசம் உங்களுக்குத் தண்ணி வரல்ல, எங்களுக்கு ஷெல்லடி வந்தது” என்றார். வெருகல் கடந்து, வாகரையில் மாதக்கணக்கில் இருந்து, பிறகு மட்டக்களப்பு முகாமுக்குப் போன கதையை அவர் சொல்லச் சொல்ல, இரண்டு பாஷையும் தெரிந்த எமது ஆசிரியர் சிங்களத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். ஆசிரியரின் குடும்பமும் 2006 ஆகஸ்டில் மூதூரை விட்டுக் கந்தளாய்க்கு நடந்துதான் போனது. அரை மணி நேரம் யாரும் மண்வெட்டி பிடிக்கவில்லை. 18 வருடமாக ஒரே வாய்க்காலில் தண்ணீர் எடுத்தும் இந்த மூன்று கதைகளையும் ஒரே இடத்தில் நான் கேட்டது அன்றைக்குத்தான்.

இனி நிதி. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் வேறொன்று சொல்ல விரும்புகிறேன். எமக்குக் கிடைத்த நல்லிணக்கத் திட்ட நிதியில் மண்டப வாடகை, பதாகை, டீசேட், கொழும்பிலிருந்து வரும் வளவாளரின் செலவு எல்லாவற்றுக்கும் இடமிருந்தது. வாய்க்கால் தோண்டும் பெக்கோ இயந்திரத்துக்கு டீசல் அடிக்க இடமில்லை. “இது விவசாயச் செலவு, சமாதானச் செலவில்லை” என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த மதகடியை அவர்கள் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்க மாட்டார்கள். மொழிபெயர்ப்புக்கென்று தந்த தொகை மட்டும் முழுப் பயனும் தந்தது, அதற்கு நன்றி சொல்லவே வேண்டும்.

2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை இடைநிறுத்தியதும் எமது திட்டமும் ஒரு மின்னஞ்சலோடு நின்றது. வெளிக்களத்தில் ஓடித்திரிந்த இரண்டு இளம் பிள்ளைகளுக்கும் அந்த மாதக் கொடுப்பனவு வரவில்லை. சந்தாப் பணத்திலிருந்து கொடுத்தோம். சபையின் முன் அனுமதி பெறாமல் கொடுத்தது என் பொறுப்பு. இன்று உங்கள் அங்கீகாரத்தைக் கேட்கிறேன்.

தேசிய ஒருமைப்பாட்டுக்கும் நல்லிணக்கத்துக்குமான அலுவலகம் 2024 தொடக்கத்தில் நிறைவேறிய சட்டத்தால் நிரந்தர அமைப்பாகிவிட்டது. அப்படியானால் ஊர்ச் சங்கங்களுக்கும் சிறிய தொகை, ஆனால் போகத்துக்குப் போகம் தொடர்ந்து வரும் தொகை கிடைக்க வேண்டும். எங்கள் ஊர்களில் ஒரு பகை வளர இருபது வருடம் எடுத்தது. அதைத் தணிக்க ஒரு வருட ஒப்பந்தம் தந்து, மூன்று மாதத்துக்கொரு தடவை ஆங்கிலத்தில் முன்னேற்றம் கேட்பது நியாயமில்லை. எனவே, இரண்டு போகத்துக்குக் குறைந்த நிதியை இனி ஏற்பதில்லை என்றும், விண்ணப்பத்தைத் தமிழிலோ சிங்களத்திலோ ஏற்கும்படி கேட்பது என்றும் நிர்வாக சபை தீர்மானித்துள்ளது. பொதுச்சபையின் முடிவுக்கு விடுகிறேன்.

காலமான அங்கத்தவர்களின் குடும்பங்களுக்கு எமது அனுதாபங்கள். கமக்காரர் அமைப்புகளுக்கும், இரண்டு நாளும் வாய்க்கால் கரையிலேயே நின்ற, வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானைமாருக்கும் நன்றி.

இந்த வருடத் துப்புரவு, தண்ணீர் திறக்குமுன் வரும் இரண்டு சனிக்கிழமைகளிலும் காலை ஏழு மணிக்கு அதே மதகடியில் ஆரம்பமாகும். பெக்கோ இல்லை. மண்வெட்டியும் கத்தியும் கொண்டுவாருங்கள்.

செயலாளர்