குல்னாவுக்குப் புறப்படும் மகளுக்கு

திருவையாறு

அன்புள்ள மகள் கயல்விழிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலமாக இருக்கிறோம். நெதர்லாந்து அரசு அனுப்பும் பேரிடர் அபாயக் குறைப்புக் குழுவில் நீயும் ஒருத்தியாக வங்கதேசத்தின் குல்னா வட்டாரத்துக்குப் பத்து நாள் பயணம் போகிறாய் என்று தொலைபேசியில் சொன்னபோது நான் அதிகம் பேசவில்லை. மகிழ்ச்சி இல்லை என்று நினைத்துக்கொள்ளாதே. தொலைபேசியில் நான் எதையாவது விரித்துச் சொல்லத் தொடங்கினால் "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய். கடிதமென்றால் விமானத்தில் உட்கார்ந்தாவது முழுதும் படிப்பாய் என்றுதான் எழுதுகிறேன்.

நீ இருக்கும் நாட்டுக்கு இந்த வேலையில் தகுதி இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. 1953 ஜனவரி 31 இரவு வட கடல் கரைகளை உடைத்துக்கொண்டு வந்து 1,836 பேரைக் கொண்டுபோனது. அந்த அடியிலிருந்து எழுந்தவர்கள்தான், நீ எங்களை அழைத்துப்போய்க் காட்டினாயே, ராட்டர்டாம் பக்கத்து மாஸ்லாண்ட் கடல்வெள்ளத் தடுப்பு வரை கட்டி முடித்தவர்கள். அழைக்காத வீட்டுக்கு அவர்கள் போவதில்லை என்பதும், பாதிக்கப்பட்ட நாட்டின் அரசு தூதரகம் வழியாகக் கேட்டால்தான் குழு புறப்படும் என்பதும் எனக்குப் பிடித்த ஏற்பாடுகள். ஆனால் அரசு அழைத்தது என்பதாலேயே கரையில் குடியிருப்பவன் அழைத்தான் என்று ஆகிவிடாது. பொதுப்பணித் துறையில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இருந்தவன் இதைச் சொன்னால் நீ நம்பலாம்.

வெளிநாட்டுக்கு நீர் வல்லுநரை அனுப்பும் பழக்கம் அந்த நாட்டுக்குப் புதிதில்லை. மெய்ஜி அரசு அழைத்து 1873இல் ஜப்பானுக்குப் போன யொஹானிஸ் டி ரெய்க்கே என்பவரைப் பற்றி நீதான் எனக்கு முதலில் சொன்னாய். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமல், கரை வேலையிலேயே தொழில் கற்றவர் அவர் என்று கேட்டதிலிருந்து, ஓவர்சியராகப் பணியில் சேர்ந்த எனக்கு அந்த மனிதர்மேல் ஒரு தனிப் பிரியம். முப்பது வயதில் போனவர் 1903 வரை அங்கேயே இருந்தார். நகோயாவுக்கு அருகில் கிசோ, நகாரா, இபி என்ற மூன்று ஆறுகள் ஒன்றோடொன்று பின்னி ஊர்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன; அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் கடலுக்கு விடும் திட்டத்தை அவர் வகுத்தார். ஆனால் அவர் முதலில் போய் நின்ற இடங்களில் மலைச்சரிவும் உண்டு. மரம் வெட்டப்பட்ட மலையிலிருந்து இறங்கும் மணல்தான் கீழே ஆற்றை மேடாக்குகிறது, அதைத் தடுக்காமல் கரையை மட்டும் உயர்த்திக்கொண்டே போவதில் பயனில்லை என்று அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். மலையே இல்லாத நாட்டில் பிறந்தவருக்கு இது எப்படித் தோன்றியிருக்கும் என்று யோசித்துப் பார். ஜப்பானிய ஆறு ஒன்றைப் பார்த்து "இது ஆறு அல்ல, அருவி" என்று அவர் சொன்னதாக அங்கே ஒரு பேச்சு உண்டு. அது அவர் வாய்ச்சொல்தானா என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடும் உண்டு. சொன்னது யாராக இருந்தாலும், சொந்த ஊர் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு ஆற்றைப் பார்த்தவன் சொன்ன சொல் அது.

நம் பக்கத்திலும் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் காவிரிக்கு வந்தபோது கல்லணையைக் கட்டியவர்களிடமிருந்துதான், ஆழம் காண முடியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையைக் கற்றுக்கொண்டதாகப் பின்னாளில் எழுதி வைத்தார். அந்த வித்தைதான் கோதாவரியில் தௌலேஸ்வரம் அணைக்கட்டுக்கும் போனது. நல்ல வல்லுநன் கொண்டுபோகிற பெட்டி திரும்பும்போது கனமாக இருக்கும் என்று அம்மா இதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள். ஆனால் அவள் மனத்தில் இருந்தது டாக்கா ஜம்தானிப் புடவை என்று நினைக்கிறேன்.

நான் பணியில் சேர்ந்த மூன்றாம் ஆண்டு, கொள்ளிடத்தில் வெள்ளம் கரையோடு கரையாகப் போய்க்கொண்டிருந்த ஒரு நள்ளிரவில் நடந்ததை உனக்கு நான் சொன்னதில்லை. கரையின் ஊர்ப்பக்கத்து அடியில், வயலோரத்தில், குடத்து வாய் அகலத்துக்கு ஓர் ஊற்று கிளம்பிக் கொதிப்பதுபோல் மேலே வந்தது. அரிக்கேன் விளக்கைத் தாழ்த்திப் பார்த்தால் தண்ணீரோடு மணலும் சுழன்று சுழன்று வந்து, வாயைச் சுற்றி எறும்புப் புற்றுப்போல் குவிந்துகொண்டிருந்தது. நான் பதறிப்போய், மணல் மூட்டைகளை அதன் வாயிலேயே போட்டு அடைக்கச் சொன்னேன். ஓய்வு பெற ஓராண்டே இருந்த லஸ்கர் (கரைக்காவல் ஊழியர்) ஒருவர் என் கையைப் பிடித்துத் தடுத்தார். "தண்ணியை அடைக்காதீங்க சார், இங்கே அடைச்சா அங்கே கிளம்பும். மண்ணைத்தான் அடைக்கணும்" என்றார். ஊற்றைச் சுற்றிக் கிணற்றுச் சுவர்போல மூட்டைகளை வட்டமாக அடுக்க வைத்தார். உள்ளே தண்ணீர் இடுப்பளவு ஏறியது. ஏற ஏற அதன் கனமே கீழிருந்து வரும் வேகத்தை அழுத்திப் பிடித்தது. அரை மணி நேரத்தில் கலங்கல் நின்று, வட்டத்தின் விளிம்பில் தெளிந்த நீர் வழியத் தொடங்கியது. தெளிந்த கசிவைக் காவல் போட்டுப் பார்த்துக்கொண்டால் போதும், கலங்கிய கசிவுதான் கரையைத் தின்னும் என்று அவர் விடியும்வரை எனக்குப் பாடம் நடத்தினார். மறுநாள் தலைமை இடத்திலிருந்து வந்த அதிகாரி காரைவிட்டு இறங்கி, வரைபடத்தை விரித்து, அந்தப் பெரியவரிடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் குறிப்பு எழுதிக்கொண்டு போனார். அந்தக் குறிப்பில் என் பெயர் இருந்தது, அவர் பெயர் இல்லை. நானும் அதைத் திருத்தவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், உங்கள் நாட்டில் கரைக்காவல் தொண்டர்களுக்கு இதே வட்டக் கட்டைப் பயிற்சியாகக் கற்பிக்கிறார்கள் என்று நீ சொன்னபோது எனக்கு அந்த லஸ்கர் நினைவுதான் வந்தது. ரைன் கரையிலும் கொள்ளிடக் கரையிலும் மணல் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறது. எல்லா இடத்திலும் எல்லாமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று அதை வைத்து முடிவு கட்டுவதில்தான் ஆபத்து இருக்கிறது. நீ போகிற குல்னாவே அதற்குச் சாட்சி.

அந்தக் கடற்கரையைப் பற்றி இந்த ஒரு மாதமாகக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். பழைய காலத்தில் அங்கே விவசாயிகள் "அஷ்டமாசி பந்த்" என்று தாழ்வான மண்கரை போடுவார்களாம். ஆண்டில் எட்டு மாதம் உப்புநீரைத் தடுத்து வைத்துவிட்டு, மழைக்காலத்தில் ஓதத்தை, அதாவது கடலேற்றத்தில் ஆற்றில் ஏறிவரும் நீரை, வயலுக்குள் விட்டுவிடுவார்கள். ஓதம் கொண்டுவரும் வண்டல் வயலில் படிந்து நிலம் உயர்ந்துகொண்டே இருக்கும். ஜமீன்தாரி முறை 1950இல் ஒழிந்தபிறகு அந்தக் கரைகளைப் பராமரிக்க ஆளில்லாமல் போனது. பிறகு 1960களில் வெளிநாட்டு வல்லுநர்களின் ஆலோசனையோடும் வெளிநாட்டுக் கடனோடும் உயரமான நிரந்தரக் கரைகள் எழும்பின. மொத்தம் 139 வளையங்கள், சுமார் 12 லட்சம் ஹெக்டேர் நிலம். அவற்றுக்கு வைத்த பெயரே டச்சுச் சொல்தான்: போல்டர். இன்று அந்த ஊர் விவசாயியும் அப்படியேதான் சொல்கிறான்.

முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகள் நெல் நன்றாக விளைந்தது. அதை மறைத்துப் பேசக் கூடாது. ஆனால் ரைனைப்போல அல்லாமல் கங்கையும் பிரம்மபுத்திராவும் வண்டலைச் சுமந்து வருகிற ஆறுகள். வயலுக்குப் போக வழியில்லாத வண்டல் ஆற்றுக்குள்ளேயே படிந்தது. ஆறு மேடாக, கரைக்கு உள்ளே இருந்த நிலம் புது வண்டல் கிடைக்காமல் அமுங்கியது. 1980களில் மதகுகளின் வெளிவாய் மண்மூடிப் போய், பெய்த மழைநீரே வடிய முடியாமல் ஊர்கள் மாதக்கணக்கில் தேங்கிய நீரில் நின்றன. 2009 மே மாதம் ஐலா புயலில் 32ஆம் எண் போல்டரின் கரை உடைந்தபோது, உள்ளே இருந்த நிலம் பக்கத்துச் சுந்தரவனக் காட்டுத் தரையைவிட ஒரு மீட்டருக்கும் மேல் பள்ளமாக இருந்ததால், ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஒவ்வொரு ஓதமும் உள்ளே வந்து போனது. மக்கள் அத்தனை காலமும் கரையின் முதுகிலேயே குடிசை போட்டு வாழ்ந்தார்கள். இறால் பண்ணைக்காரர்கள் உப்புநீருக்காகக் கரையைத் துளைத்துக் குழாய் வைத்ததையும் இதோடு சேர்த்துக்கொள். அந்தப் பழியை எந்த வல்லுநர்மேலும் போட முடியாது.

இதற்கு மருந்து கண்டதும் அந்த ஊர்க்காரர்கள்தான். அங்கே தாழ்வான நீர்நிலப் பள்ளத்தைப் பீல் என்பார்கள். 1990இல் பீல் டகாத்தியாவிலும் 1997இல் பீல் பைனாவிலும் மக்கள் தாங்களே திரண்டு கரையை வெட்டி ஓதத்தை உள்ளே விட்டார்கள். அரசின் கண்ணுக்கு அது குற்றம். சில ஆண்டுகளில் பீல் பைனாவின் பள்ளம் வண்டலால் நிரம்பியது. ஓதம் இறங்கும் வற்றத்தின் வேகத்தில் ஹரி நதி தன் படுகையைத் தானே ஆழமாக்கிக்கொண்டது. பிறகுதான் வல்லுநர்கள் அதை ஆராய்ந்து, ஓத ஆற்று மேலாண்மை என்று பெயரிட்டு, அறிக்கைகளில் ஏற்றினார்கள். உங்கள் நாட்டிலேயே 1993, 1995 வெள்ளங்களுக்குப் பிறகு ஆற்றுக்கு இடம் விடும் திட்டம் என்று சொல்லி, நூர்ட்வார்ட் போல்டரின் கரையைத் தாழ்த்தி வெள்ளத்தை உள்ளே விட்டார்களே, அதே நினைப்புக்குக் குல்னா விவசாயி மண்வெட்டியோடு முன்னமே வந்துவிட்டான்.

ஆனால் இந்த முறையிலும் ஒரு வலி இருக்கிறது, அதைப் பற்றி நீ அங்கே கேட்டறிய வேண்டும். வண்டல் படியும் மூன்று, நான்கு ஆண்டுகள் யாருடைய வயல் தண்ணீருக்குள் இருக்கும்? இழப்பீடு நிலம் உள்ளவன் பெயருக்குப் போகும். குத்தகைக்காரனும் கூலிக்காரனும் எதைச் சாப்பிடுவார்கள்? சில பீல்களில் மக்களே இதை எதிர்த்திருக்கிறார்கள் என்றால் அவர்களை அறியாதவர்கள் என்று எழுதிவிடாதே. கணினியின் நீரியல் மாதிரியில் ஒரு கட்டம் நீலமாகத் தெரியும்; அந்தக் கட்டத்துக்குள் அடுப்பு எரிகிற வீடுகள் எத்தனை என்று அது காட்டாது.

உன்னைவிட அதிகம் தெரிந்தவர்கள் அந்த நாட்டில் இருக்கிறார்கள். 1970 நவம்பர் 12 புயலில் குறைந்தது மூன்று லட்சம் பேரை இழந்த நாடு, 2020இல் அம்பன் புயல் வந்தபோது தன் பக்கத்தில் உயிரிழப்பைச் சில பத்துப் பேரோடு நிறுத்திக்கொண்டது. ஒலிபெருக்கியோடு வீடு வீடாகப் போன எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தொண்டர்களும், நேரத்தில் வந்த எச்சரிக்கையும், புயல் காப்பகங்களும் சேர்ந்து செய்த வேலை அது. அதில் வெளியார் பணமும் கருவியும் இருந்தன என்றாலும், கதவைத் தட்டியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். டெல்ஃப்டில் உன்னோடு படித்த வங்கதேசத் தோழி இப்போது டாக்காவில்தானே இருக்கிறாள்? குழுவின் கூட்டங்கள் தொடங்குவதற்கு முன்பே அவளைப் போய்ப் பார்.

பத்து நாளில் என்ன செய்ய முடியும் என்று நீ கேட்டாய். கரையை உயர்த்த முடியாது. ஆனால் எந்த மதகை முதலில் தூர்வார வேண்டும், எந்தக் கரை அடுத்த ஓதத்துக்குத் தாங்காது என்று அங்கிருக்கும் பொறியாளர் பல காலமாகச் சொல்லியும் யாரும் கேட்காமல் இருந்திருக்கலாம். வெளிநாட்டுக் குழு சொன்னதும் அதே சொல்லுக்குக் காது கிடைக்கும். நியாயமில்லாத உண்மைதான், எனக்கும் பல முறை நேர்ந்திருக்கிறது. அப்படியொரு சொல்லை நீ எடுத்து எழுதினால், சொன்னவர் பெயரையும் சேர்த்து எழுது. உங்கள் அறிக்கையில் முதல் இரண்டு பக்கமாவது வங்காள மொழியில் இருக்கும்படி பார்த்துக்கொள். மதகுக் கதவைத் திறந்து மூடுகிறவன் ஆங்கில அறிக்கையைப் படிக்கப்போவதில்லை. நீங்கள் விமானம் ஏறிய மறுநாள் அந்தத் தாளை யார் கையில் வைத்திருப்பார்கள் என்று ஒரு பெயரைக் கேட்டு வாங்கிக்கொள். பதவியின் பெயர் போதாது. ஆளின் பெயர் வேண்டும்.

கொசுவலை எடுத்துக்கொள். ஓதம் வற்றிய சேற்றில் சப்பாத்தோடு இறங்காதே, கால் மாட்டிக்கொள்ளும். அந்த ஊர்க்காரர்கள் எப்படி நடக்கிறார்களோ அப்படி நட. அம்மா ஊறுகாய் அனுப்ப நினைக்கிறாள், பார்சல் வேண்டாம் என்று நான்தான் நிறுத்தி வைத்திருக்கிறேன்.

எனக்காக ஒன்று செய். ஏதாவது ஒரு போல்டர் மதகின் மேல் நின்று இரண்டு படம் எடுத்து அனுப்பு: ஒன்று ஊர்ப்பக்கம் பார்த்து, ஒன்று ஆற்றுப்பக்கம் பார்த்து. வற்றம் முழுதும் இறங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து எடு. இரண்டு படத்திலும் அளவுக்கு உன் குடையைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு யாரையாவது நிற்கச் சொல். வெளிப்பக்கத்து மண் எவ்வளவு மேடாகிவிட்டது என்று நான் இங்கிருந்தே கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா