நோயாளியைச் சேர்க்கும்போதே அறை வாடகை வரம்பைத் தமிழில் சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தி வருகிறேன். என்னையும் சேர்த்து ஆறு பேர் வேலை செய்கிறோம். பத்துப் பேருக்குக் குறைவான பட்டறை என்பதால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீடு கட்டாயமில்லை; எங்களுக்கு அது இல்லை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாயைத் தாண்டிவிடுவதால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் இடமில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் குடும்பங்கள் எங்கள் பகுதியில் ஏராளம். ப்ரீமியம் கட்டி வாங்கும் தனியார் பாலிசிதான் எங்களுக்கு ஒரே துணை.

கடந்த மாதம் என் மனைவிக்குப் பித்தப்பைக் கல் அறுவை சிகிச்சை நடந்தது. பாலிசி 3 லட்சம் ரூபாய்க்கானது. இடைவெளி இல்லாமல் நான்காவது ஆண்டாகக் கட்டி வருவதால், சில நோய்களுக்குத் தொடக்கத்தில் பணம் தராத காத்திருப்புக் காலம் எல்லாம் முடிந்துவிட்டது. ஆகவே ஒரு ரூபாய்கூடக் கையிலிருந்து போகாது என்று நம்பித்தான் மருத்துவமனைக்குப் போனோம். வலியில் துடித்துக்கொண்டிருந்தவரைச் சேர்க்கும்போது குறைந்த வாடகை அறை எதுவும் காலியாக இல்லை என்றார்கள். நாளுக்கு 6,000 ரூபாய் அறைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டேன். என் பாலிசியில் அறை வாடகை வரம்பு காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம், அதாவது நாளுக்கு 3,000 ரூபாய் என்பது எனக்கு அப்போது தெரியாது.

நான்கு நாள் வாடகையில் 12,000 ரூபாய் குறைந்திருந்தால் அதைப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் வரம்பைப் போல இரு மடங்கு வாடகையுள்ள அறையில் இருந்ததால் அறுவை மருத்துவர், மயக்க மருந்து மருத்துவர், அறுவை அரங்கு, செவிலியர் கட்டணம் என்று வந்த 1,20,000 ரூபாயிலும் பாதியைக் கழித்துவிட்டார்கள். மருந்துக்கும் பரிசோதனைக்கும் ஆன 36,000 ரூபாயை முழுதாகக் கொடுத்தார்கள். கையுறை, முகக்கவசம் முதலான பொருள்களுக்கான 6,400 ரூபாயைத் தர மறுத்துவிட்டார்கள். மொத்தத்தில் 1,86,400 ரூபாய் பில்லில் 78,400 ரூபாயை நான் கட்டினேன். என் பட்டறையில் ஒருவர் நான்கைந்து மாதம் உழைத்துப் பெறும் கூலி அது.

பிறகு விசாரித்ததில் தெரிந்த ஒன்றைத் தங்கள் வாசகர்கள் அவசியம் அறிந்துகொள்ள வேண்டும். அறைக்கு அறை கட்டணத்தை மாற்றி வசூலிக்காத மருத்துவமனைகளில் இந்த விகிதாசாரக் கழிவைச் செய்யக் கூடாது என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020ஆம் ஆண்டிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. என் மனைவி இருந்த மருத்துவமனையில் எந்த அறையில் தங்கினாலும் அறுவை மருத்துவரின் கட்டணம் ஒன்றுதான். அதை எழுதிக் கேட்டு, காப்பீட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு மனு அனுப்பியிருக்கிறேன். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வரும் பதில் நியாயமாக இல்லாவிட்டாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணம் எதுவும் இன்றி முறையிடலாம். தெரிந்தவர்கள் குறைவு என்பதால்தான் இந்த வழியைப் பலர் பயன்படுத்துவதில்லை.

என் பட்டறையிலேயே இன்னொருவருக்கு நேர்ந்தது இதைவிடக் கொடுமை. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிற பெரியவர் அவர். பாலிசி எடுத்தபோது படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. ஏஜென்ட் தாமே நிரப்பி, ஏற்கெனவே நோய் உண்டா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிப் போய்விட்டார். இரண்டாம் ஆண்டில் காலில் புண் வந்து அறுவை செய்தபோது, நோயை மறைத்ததாகச் சொல்லிக் கிளெய்மைத் தள்ளுபடி செய்தார்கள். உண்மையை எழுதியிருந்தால் அதிகபட்சம் மூன்று ஆண்டு காத்திருந்து பிறகு பயன் பெற்றிருப்பார். 2024 ஏப்ரலுக்குப் பிறகு காத்திருப்புக் காலம் 36 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. ஐந்து ஆண்டு தொடர்ந்து ப்ரீமியம் கட்டியவர்களிடம், மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி, நோயைச் சொல்லவில்லை என்ற காரணத்தைக் காட்டி நிறுவனம் மறுக்கவும் முடியாது. பாலிசியை விற்கும்போது இதையெல்லாம் அந்தப் பெரியவரிடம் யாரும் சொல்லவில்லை.

ஆணையம் வகுத்த விதிப்படி, பாலிசியின் விதிவிலக்குகள், காத்திருப்புக் காலங்கள், வரம்புகள் ஆகியவற்றைச் சுருக்கமாகக் கூறும் வாடிக்கையாளர் தகவல் தாள் ஒன்று உண்டு. பாலிசிதாரர் விரும்பிக் கேட்டால் அதை அவரது மொழியில் தர வேண்டும் என்பதும் விதிதான். ஆனால் எங்கள் தெருவில் எனக்குத் தெரிந்த பாலிசிதாரர்களில் ஒருவரும் அந்தத் தாளைத் தமிழில் பார்த்ததில்லை. கேட்டால்தான் தருவோம் என்று காத்திராமல், சேலம் மாவட்டத்தில் பாலிசி விற்கும் ஒவ்வொரு ஏஜென்டும் அதைத் தமிழிலேயே முன்வந்து கொடுக்க வேண்டும். படிவத்தில் எழுதப்பட்ட ஒவ்வொரு பதிலையும் வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும்.

மருத்துவமனைகளுக்கும் ஒரு கோரிக்கை. ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி நள்ளிரவில் வந்து சேரும் ஒருவரால் பாலிசிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க இயலாது. காப்பீட்டு மேசையில் இருப்பவர் கணினியில் வரம்பைப் பார்க்க முடியும். எனவே, எந்த அறை என்று கேட்டு நோயாளியின் உறவினரிடம் கையெழுத்து வாங்கும் அதே காகிதத்தில், ‘உங்கள் பாலிசியில் நாளுக்கு இவ்வளவு வாடகை வரை மட்டுமே முழுத் தொகை கிடைக்கும், அதற்கு மேற்பட்ட அறையைத் தேர்ந்தெடுத்தால் மற்றக் கட்டணங்களிலும் கழிவு உண்டு’ என்று தமிழில் அச்சிட்டுத் தர வேண்டும். மாவட்ட நிர்வாகம் இதற்காக மருத்துவமனைகளுடன் பேச வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியே கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் வாசகர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.